விளையாட்டுப் பயிற்சியாளர் பட்டப்படிப்பு: சேர்வதற்கு முன் தொடங்கி ஆய்வேடு வரை

நன்றாக விளையாடத் தெரிந்தவர்களே இந்தப் படிப்பின் முதல் ஆண்டில் தடுமாறுவதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வகுப்பில் படிப்பதை ஒரு பக்கமும் மைதானத்தில் செய்வதை இன்னொரு பக்கமும் வைத்துவிடுகிறார்கள். உடற்கூறியல் தேர்வுக்கு, உளவியல் அசைன்மென்ட்டுக்கு, மைதானம் விடுமுறை நாளுக்கு என்று பிரிந்துபோனால் எல்லாமே பாரமாகிவிடும்.

கீழே உள்ள வரிசை, நீங்கள் வாரம் ஒருமுறை பயிற்சி தரும் ஒரு சிறு குழுவை நடுவில் வைத்து, எல்லாப் பாடங்களையும் அதோடு கட்டுவதற்கானது.

1. எந்தப் படிப்பு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

பெயரில் ஒன்றுபோல் தெரியும் மூன்று படிப்புகள் இருக்கின்றன. உடற்கல்விப் பட்டம் பள்ளி ஆசிரியராவதற்கு. விளையாட்டு அறிவியல் பட்டம் ஆய்வகம், அளவீடு, உடலியங்கியல் பக்கம் சாயும். பயிற்சியாளர் பட்டத்தில் விளையாடுபவர்களுக்குப் பயிற்சி தருவதே மையப் பாடம். பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தை எடுத்து, நீங்களே நின்று பயிற்சி நடத்தும் மணிநேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

சேர்க்கை அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். களப்பயிற்சிக்குத் தனி மதிப்பெண் உண்டா? களப்பயிற்சி இடத்தைத் துறை ஏற்பாடு செய்யுமா, மாணவரே தேட வேண்டுமா? நீங்கள் நடத்தும் பயிற்சியை ஆசிரியர் நேரில் வந்து பார்த்து மதிப்பிடுவாரா? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் யோசிக்க வேண்டும். யாரும் பார்க்காத பயிற்சி வேலையில் குறை தெரியவே தெரியாது.

இன்னொன்று. பட்டம் வேறு, பயிற்சியாளர் உரிமம் வேறு. பல விளையாட்டுகளில் அந்தந்தச் சம்மேளனம் படிநிலைகளாக உரிமம் தருகிறது. பட்டம் முடித்தால் உரிமம் தானாக வரும் என்று எண்ணிக் கடைசி ஆண்டில் விழிப்பவர்கள் ஏராளம். முதல் நிலை உரிமத்தை முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.

2. முதல் வகுப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தேட வேண்டியது ஒரு குழு. எட்டு முதல் பன்னிரண்டு பேர், வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், அதே ஆட்கள். பொறுப்பாளராக அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் இருக்க வேண்டும். நீங்கள் உதவியாளராகத் தொடங்கினால் போதும். அதே ஆட்கள் என்பது முக்கியம். வாரத்துக்கொரு புதுக் குழு என்றால் யார் கற்றுக்கொண்டார், யார் மறந்துபோனார் என்பதை உங்களால் ஒருபோதும் பார்க்க முடியாது.

அடுத்தது காகிதங்கள். குழந்தைகளோடு வேலை செய்ய, பின்னணிச் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் பல இடங்களில் கட்டாயம். இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் விண்ணப்பியுங்கள். முதலுதவிச் சான்றிதழும் இப்போதே. இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியில், பெரியவர்களுக்கு 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்பது கை பழகியிருக்க வேண்டிய விஷயம். படித்து வைத்தால் மட்டும் போதாது.

பொருட்கள்: இருபது கோன், அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் அணியும் பிப் இரண்டு நிறத்தில், விசில், ஸ்டாப்வாட்ச், 30 மீட்டர் டேப், கைபேசியை நிறுத்த ஒரு டிரைபாட், தாள் கழன்று போகாத ஒரு நோட்டு.

3. உடற்கூறியலை ஓர் அசைவை வைத்துப் படியுங்கள்

உடலில் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகள். பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுவாரம் எதுவும் மிஞ்சாது. உங்கள் விளையாட்டில் ஓர் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். குதித்துத் தரையிறங்குவது, பந்தை எறிவது, ஓட்டத்தில் திடீரென்று நிற்பது, எதுவானாலும் சரி. அதைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு பத்தி போட்ட அட்டவணை எழுதுங்கள்: எந்த மூட்டு, அங்கே என்ன அசைவு, எந்தத் தசை அதைச் செய்கிறது, அந்தத் தசை சுருங்குகிறதா நீள்கிறதா.

இந்தக் கடைசிப் பத்தியில்தான் பலரும் சறுக்குவார்கள். தரையிறங்கும்போது முழங்கால் மடங்குகிறது. ஆகவே மடக்கும் பின்தொடைத் தசைதான் வேலை செய்கிறது என்று எழுதுவார்கள். உண்மையில் முழங்காலை மடக்குவது உடல் எடை. அந்த மடக்கம் சட்டென்று நிகழாமல் பிடித்து இறக்குவது முன்தொடையின் குவாட்ரிசெப்ஸ்; அது நீண்டுகொண்டே இழுக்கிறது. இதைத்தான் எக்சென்ட்ரிக் என்கிறார்கள். இது புரிந்தால், தரையிறங்கும் பயிற்சிக்கு மறுநாள் முன்தொடை ஏன் வலிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

தசைக்கு ஆற்றல் தரும் மூன்று வழிகளான ஆற்றல் மண்டலங்களிலும் (உடனடியாகக் கிடைக்கும் கிரியேட்டின் பாஸ்பேட், ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பது, ஆக்சிஜனோடு எரிப்பது) இதேபோல் ஒரு பொறி உண்டு. பத்து நொடி வரை ஒன்று, பிறகு அது அணைந்து இன்னொன்று என்று வரைபடத்தைத் தவறாகப் படிப்பது. மூன்றும் எப்போதும் சேர்ந்தே இயங்குகின்றன; பங்குதான் மாறுகிறது. இதற்கு மைதானத்தில் நேரடிப் பயன் உண்டு. முழு வேக ஓட்டத்துக்குப் பின் தசையில் தீர்ந்த கிரியேட்டின் பாஸ்பேட் ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதிதான் திரும்புகிறது. முழுமைக்கு அருகே வரச் சில நிமிடங்கள் வேண்டும். இருபது நொடி ஓய்வோடு பத்து முறை 30 மீட்டர் ஓடவிட்டால், நான்காவது ஓட்டத்திலிருந்து அது வேகப் பயிற்சியாக இருக்காது, களைப்பைத் தாங்கும் பயிற்சியாகிவிடும். இரண்டுமே தேவைப்படலாம். எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

4. பேசுவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள்

புதிதாக வருபவர் முதல் நாளிலேயே திருத்தத் தொடங்கிவிடுவார். முதல் மூன்று வாரம் பார்த்தால் போதும். பார்ப்பதும் ஒரு திறன். அதற்கு முறை இருக்கிறது.

முதல் வாரம் பயிற்சியாளரைப் பாருங்கள். ஒரு தாளில் கட்டளை, பாராட்டு, திருத்தம், கேள்வி, அமைதி, ஒழுங்குபடுத்தல் என்று ஆறு பத்தி போட்டு, இருபது நிமிடம் கோடு போட்டு எண்ணுங்கள். ஸ்மித், ஸ்மால், ஹண்ட் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட கோச் நடத்தை மதிப்பீட்டு முறையில் பன்னிரண்டு வகைகள் உண்டு. தொடக்கத்துக்கு ஆறு போதும்.

இரண்டாம் வாரம் ஒரே ஒரு சிறுவரையோ சிறுமியையோ பாருங்கள். அவர் ஓடும்போது ஸ்டாப்வாட்சை ஓட்டி, வரிசையில் நிற்கும்போது நிறுத்துங்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் கிடைக்கும் எண் உங்களைத் திடுக்கிடவைக்கலாம். மூன்றாம் வாரம் இதே இரண்டையும் உங்களுக்கே செய்யுங்கள்: டிரைபாடில் கைபேசி, வீட்டில் எண்ணிக்கை. படம் பிடிப்பதற்கு முன் பொறுப்பாளரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, பந்தையே பார்ப்பது. கற்றல் பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது: யார் எங்கே நகர்ந்தார், யார் நிமிர்ந்து பார்த்தார், யார் பந்து வரும்வரை சும்மா நின்றார்.

5. ஒரு மணி நேரத் திட்டம்: ஒரே நோக்கம்

மதிப்பெண்ணும் மைதானமும் ஒருசேரக் கெடுவது இங்கேதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

முதலில் நோக்கத்தை எழுதுங்கள். 'பாஸ் போடுவதை மேம்படுத்துதல்' என்பது நோக்கமல்ல. அது நடந்ததா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாது. 'பந்து வருவதற்கு முன் ஒரு தோளின் மேலாவது திரும்பிப் பார்த்துவிட்டு வாங்குவது' என்றால் பார்க்கலாம், எண்ணலாம். நோக்கம் கண்ணுக்குத் தெரியும் செயலாக இருந்தால்தான் பயிற்சியின் நடுவே எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு நேரம். பத்து நிமிடம் வார்ம் அப். பதினைந்து நிமிடம் சிறு ஆட்டம். பதினைந்து நிமிடம் அந்த ஆட்டத்தில் தெரிந்த குறைக்கான பயிற்சி. பதினைந்து நிமிடம் மறுபடி ஆட்டம். ஐந்து நிமிடம் முடிப்பு. ஆட்டம் ஏன் முன்னால் வருகிறது? எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தபின் செய்யும் பயிற்சிக்கு ஆர்வமும் அர்த்தமும் இருக்கும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பங்கர், தார்ப் இருவரும் 1982-இல் முன்வைத்த ஆட்டம் வழிப் புரிதல் அணுகுமுறையின் அடிப்படை இதுதான். வார்ம் அப்பிலும் வெறும் ஓட்டம் வேண்டாம்; உடல் சூடேறுவது, தசைகளை எழுப்புவது, மூட்டுகளை அசைப்பது, கடைசியில் வேகம் கூட்டுவது என்ற வரிசையில் போங்கள்.

அடுத்து எண்ணிக்கை. பன்னிரண்டு பேர், ஒரு பந்து, ஒரு வரிசை என்றால் பதினொரு பேர் நிற்பார்கள். அதற்குப் பதில் 8 மீட்டர் சதுரங்கள் மூன்று போட்டு, ஒவ்வொன்றிலும் மூவருக்கு எதிராக ஒருவரை விடுங்கள். பன்னிரண்டு பேரும் ஆட்டத்தில் இருப்பார்கள். பதினொரு பேர் வந்தால் என்ன, பதின்மூன்று பேர் வந்தால் என்ன என்பதையும் திட்டத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். யாராவது வராமல் போவது தவறாமல் நடக்கும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் எளிதாக்க ஒரு வழி, கடினமாக்க ஒரு வழி வேண்டும். நான்கு பிடிகள் உங்களிடம் இருக்கின்றன: இடம், பணி, கருவி, ஆட்கள். சதுரத்தைப் பெரிதாக்கினால் பாஸ் எளிது. எதிராளி இருவரானால் கடினம். இதை விளக்கும் கோட்பாடு 1986-இல் நியூவெல் சொன்ன தடைகளின் மாதிரி: ஆள், சூழல், பணி மூன்றும் சேர்ந்துதான் அசைவு உருவாகிறது. வகுப்பில் இந்தப் பெயர் வரும்போது உங்கள் சதுரத்தை நினைத்துக்கொண்டால் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இங்கே திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்:

ஒரு மணி நேரத்தில் ஏழு பயிற்சிகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிமிடம் போகும். பன்னிரண்டு நிமிடம் கோன் நகர்த்துவதிலேயே கரைந்துவிடும். கோன்களை ஆட்கள் வருவதற்கு முன்பே போட்டு, ஒரே சதுரத்தை முடிந்தவரை கடைசிவரை பயன்படுத்துங்கள்.

நீண்ட விளக்கம். ஒரு நிமிடத்துக்குள் சொல்லி, ஒருமுறை செய்து காட்டி, தொடங்கிவிடுங்கள். மீதியை ஆட்டம் நடக்கும்போது சொல்லலாம்.

இணையத்தில் பார்த்த பயிற்சியை அப்படியே இறக்குவது. அது யாருக்காக, எந்த வயதுக்காகப் போடப்பட்டது என்று தெரியாமல் எடுத்தால், உங்கள் நோக்கத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. மதிப்பிடுபவர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே: இந்தப் பயிற்சி ஏன் இங்கே?

6. பயிற்சி அழகாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்

இயக்கக் கற்றல் பாடத்தில் இந்த ஒரு கருத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே திறனை இருபது முறை தொடர்ந்து செய்தால், அன்றைக்கு அது மெருகேறித் தெரியும். மூன்று திறன்களைக் கலந்து செய்தால் அன்றைக்குத் தட்டுத்தடுமாறும். ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தால் கலந்து செய்தவரிடமே கூடுதலாகத் தங்கியிருக்கும். ஷேயும் மார்கனும் 1979-இல் ஆய்வகத்தில் காட்டியது இதைத்தான்.

ஆகவே கற்றாரா என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். அடுத்த வாரத் தொடக்கத்தில், எதையும் நினைவூட்டாமல், அதே செயலை ஐந்து நிமிடம் சோதித்து எண்ணுங்கள். அந்த எண்தான் கற்றல். முற்றிலும் புதியவருக்கு மட்டும், அசைவின் வடிவம் பிடிபடும்வரை கொஞ்ச நேரம் தொடர்ச்சியாகச் செய்யவிட்டு, பிறகு கலப்பது நல்லது.

திருத்தம் சொல்வதிலும் அளவு வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் பின் திருத்தினால், நீங்கள் இல்லாத போட்டியில் அவரால் தன் தவறைத் தானே உணர முடியாமல் போகும். சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் 1984-இல் இந்தச் சார்புநிலையை விளக்கினார்கள். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு திருத்தம். பிறகு சில முயற்சிகள் மௌனம். சொல்லும் சொல்லும் உடலுக்கு வெளியே கவனத்தைத் திருப்பட்டும். 'முழங்காலை நீட்டு' என்பதைவிட 'தரையைத் தள்ளு' என்பது பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது; கேப்ரியேல் வுல்ஃபின் ஆய்வுகளில் இதற்குச் சான்று கிடைக்கும்.

7. அளவீடு: குறைவாக, ஒழுங்காக

பயிற்சி உடலுக்கு எவ்வளவு சுமை என்று கணக்கிடக் கருவி தேவையில்லை. பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஓர் எண் கேளுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடம், எண் 6 என்றால் சுமை 360. கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறை இது. அரை மணி நேரம் ஏன்? கடைசியில் ஓடிய ஒரு கடும் ஓட்டம் முழுப் பயிற்சியின் எண்ணைத் தூக்கிவிடாமல் இருக்க. தனித்தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னிலையிலும் கேட்டால் நண்பன் சொன்ன எண்ணையே சொல்வார்கள். போர்க் (Borg) என்ற ஆய்வாளரின் இதேபோன்ற, ஆனால் 6 முதல் 20 வரையான அளவுகோலை இதோடு கலந்துவிடாதீர்கள். கணக்கு முழுவதும் பாழாகும்.

தாங்குதிறன் சோதனையில் கூப்பரின் 12 நிமிட ஓட்டம் எளியது. ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் அதிகபட்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பின் மதிப்பீடு வரும். 2400 மீட்டருக்கு ஏறக்குறைய 42.4 மி.லி., ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில். இது மதிப்பீடுதான், அளவீடல்ல. அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். ஒலிக்கு ஏற்ப 20 மீட்டரை முன்னும் பின்னும் ஓடும் பீப் சோதனை செய்தால் எந்த ஒலிப்பதிவு என்று குறித்து வையுங்கள். சில மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கும், சில 8 கி.மீ.-இல். முதல்முறை ஒன்றும் மறுமுறை இன்னொன்றும் போட்டுவிட்டு முன்னேற்றம் என்று எழுதுவது வெட்கக்கேடாகிவிடும்.

பதின்பருவக் குழுவென்றால் வயதை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். உயர வளர்ச்சியின் உச்சம் சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதையும் ஆண்களுக்கு 14 வயதையும் ஒட்டி வரும். ஆளுக்கு ஆள் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும். முன்கூட்டி வளர்ந்தவரைத் திறமைசாலி என்றும், தாமதமாக வளர்பவரைத் தேறாதவர் என்றும் முத்திரை குத்துவது பயிற்சியாளர்கள் செய்யும் மிகக் கொடிய தவறுகளில் ஒன்று. அந்தப் பிள்ளை விளையாட்டையே விட்டுப் போய்விடலாம்.

8. களப்பயிற்சி

தொடங்கும் முன், என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, காயம் ஏற்பட்டால் யாரை அழைப்பது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதாவிட்டால் பொருட்களைச் சுமக்கும் ஆளாகவே பருவம் முடிந்துவிடக்கூடும்.

பதிவேட்டை அன்று மாலையே எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், நோக்கம், என்ன நடந்தது, அடுத்த வாரம் என்ன மாற்றம். பத்து நிமிட வேலை. பருவக் கடைசியில் நாற்பது மணி நேரத்தையும் நினைவிலிருந்து எழுதுபவரின் பதிவேடு படித்தவுடனே தெரிந்துவிடும். எல்லா நாளும் ஒரே நாளாக இருக்கும்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தையோடு தனியறையில் இருப்பதோ தனிப்பட்ட குறுஞ்செய்தி அனுப்புவதோ கூடாது. தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே, அவரை உடனே வெளியே எடுத்து மருத்துவ உதவிக்கு அனுப்ப வேண்டும். அன்று திரும்ப இறக்கக் கூடாது. அவர் எவ்வளவு கெஞ்சினாலும், பெற்றோர் கோபித்தாலும்.

9. சிந்தனைக் குறிப்பு எழுதும் முறை

நடத்திய பயிற்சியைத் திரும்பிப் பார்த்து எழுதும் இந்தக் குறிப்புக்கு, பல துறைகளில் கிப்ஸ் 1988-இல் தந்த சுழற்சியைக் கேட்பார்கள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, ஆய்வு, முடிவு, அடுத்த திட்டம். மதிப்பெண் போவது ஒரே இடத்தில். பாதிக்கு மேல் விவரிப்பாகவே போய்விடும்.

'பிள்ளைகள் கவனிக்கவில்லை, எனக்கு வருத்தமாக இருந்தது' என்பது நாட்குறிப்பு. 'விளக்கம் நான்கு நிமிடம் ஓடியது. இரண்டாம் நிமிடத்திலிருந்து ஐந்து பேர் பந்தைத் தட்டத் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் நான் மூன்று புதிய விதிகளைச் சொன்னேன். அடுத்த முறை ஒரு விதியோடு ஆட்டத்தைத் தொடங்கி, மற்ற இரண்டையும் நடுவில் சேர்ப்பேன்' என்பது சிந்தனைக் குறிப்பு. எண், காரணம், மாற்றம் மூன்றும் இருக்கிறது. மேலே நான்காம் பகுதியில் சொன்னபடி எண்ணிப் பழகியிருந்தால் இது தானாக வரும்.

10. ஆய்வேடு: சின்னக் கேள்வி, சீக்கிரத் தொடக்கம்

'தலைமைப் பண்பு அணியின் வெற்றியை எப்படிப் பாதிக்கிறது' என்பது ஒரு வாழ்நாள் கேள்வி. 'தங்கள் பயிற்சி வீடியோவைத் தாங்களே பார்த்தபின் இரண்டு பயிற்சியாளர்கள் கேட்கும் கேள்விகளின் பங்கு ஆறு பயிற்சிகளில் மாறுகிறதா' என்பது உங்களால் முடிக்கக்கூடியது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன் ஒரு தகவலும் திரட்டாதீர்கள். பின்னர் அனுமதி கிடைத்தாலும் முன்பு எடுத்ததைப் பயன்படுத்த முடியாது. பலரும் ஒரு பருவத்தையே இழப்பது இப்படித்தான். பங்கேற்பவர் சிறுவர் என்றால் பெற்றோர் ஒப்புதலும் சிறுவரின் சம்மதமும் இரண்டுமே வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை ஆய்வேட்டுக்கு முந்தைய பருவத்திலேயே போடுங்கள்.

வீடியோவிலிருந்து எண்ணுவதாக இருந்தால், ஒரு வீடியோவை எண்ணி முடித்து ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் விலகினால் உங்கள் வகைகளின் வரையறை தெளிவாக இல்லை என்று பொருள். 'கேள்வி' என்பதில் 'புரிஞ்சுதா?' சேருமா சேராதா என்பதைப்போன்ற முடிவுகளை எழுதி வைத்துக்கொண்டு, பிறகே மற்ற வீடியோக்களைத் தொடங்குங்கள்.

11. வேலைக்குக் காட்ட வேண்டிய கோப்பு

நேர்காணலுக்கு மதிப்பெண் பட்டியலோடு ஒரு மெல்லிய கோப்பும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே குழுவுக்கான தொடர்ச்சியான ஆறு வாரத் திட்டம். அதில் ஒரு திட்டத்தின் மேல் நீங்களே பேனாவால் போட்ட திருத்தங்கள். மறுவாரச் சோதனையின் எண்கள். ஒரு சிந்தனைக் குறிப்பு. உரிமம், முதலுதவி, பின்னணிச் சரிபார்ப்புச் சான்றிதழ்களின் நகல். சிறுவர்களின் பெயரையும் முகத்தையும் எல்லாப் பக்கத்திலும் நீக்கிவிடுங்கள். முதலுதவிச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு. கோப்பைக் கட்டும் அன்றே தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.